மருந்தெல்லாம் நிறுத்தியாச்சு

1

இதை ஒரு கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது. வீடு, தோட்டம் பற்றிய மாத இதழ் ஒன்றில் வேலை பார்க்கும் தமிழ்வாணி போன் செய்து, “வீட்டுப் புல்தரைய இயற்கை முறைக்கு மாத்துறது எப்படின்னு நாலு பக்கம் வேணும் சார். வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றார். நான் பழங்காநத்தத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவன். எனக்குச் சொந்தமான நிலம் பால்கனியில் ஒரு தொட்டி. அதில் வைத்த கற்றாழையும் செத்துவிட்டது. கற்றாழையைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும் என்று என் மனைவி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

நான் எழுதிய முதல் வரி இது:

“ஆரோக்கியமான புல்தரைக்கு முதல் படி, ரசாயன உரங்களைப் படிப்படியாகக் குறை—”

அதோடு நின்றுவிட்டது. யாருக்கு இதைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நம் பக்கம் புல் என்பது பிடுங்கிப் போட வேண்டிய சாமான். மதுரை வெயிலில் காசு கொடுத்துப் புல் வாங்கி, தண்ணீர் ஊற்றி வளர்க்கிற ஆள் யார்? யோசித்துப் பார்த்தால் இரண்டு வகை ஆட்கள்தான் தேறுகிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள், ஏக்கம் வைத்திருப்பவர்கள். மாட்டுக்காரருக்கு என் கட்டுரை வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது வகையில் ஒருவரைத் தேடினேன்.

2

அழகுபாண்டி வந்தார்.

(முதல் வரைவில் ‘அழகுபாண்டி வந்தான்’ என்றுதான் எழுதினேன். பிறகு அவர் ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார் என்று முடிவானது. டிரில் வாத்தியாரை ‘அவன்’ என்று எழுத இந்த வயதிலும் எனக்குத் தைரியம் வரவில்லை. ‘அவர்’ ஆக்கிவிட்டேன்.)

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக மனை பிரித்த இடத்தில் அவர் வீடு. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் விசில் ஊதிய மைதானங்களில் மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது. புழுதி, சரளை, நெருஞ்சி முள். கபடி ஆடி விழுந்த பிள்ளைகளின் முழங்காலுக்கு டிஞ்சர் தடவித் தடவியே சர்வீஸ் முடிந்துவிட்டது. ஒரு பிள்ளையாவது பச்சைப் புல்லில் விழுந்து, சிராய்ப்பு இல்லாமல், சிரித்துக்கொண்டு எழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பார்க்காமலேயே மாலை மரியாதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் வீட்டு முன்னால் இருந்த இடத்தில் கொரியன் புல் பதித்தார்.

“மாடு இல்லாத வீட்டுக்குப் புல்லு எதுக்கு?” என்று கேட்டாள் அவர் மனைவி ஜெயக்கொடி. கேட்டவள்தான் முதலில் அதில் உட்கார்ந்ததும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டுப் புல்லில் இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் முருங்கைக் கீரை உருவுவாள். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வார். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அவர் ‘உம்’ கொட்டுவார். பேச்சுக்கு நடுவில், “மருந்து போட்டீங்களா?” என்று கேட்பாள். அவருக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் உண்டு. போடவில்லை என்றால் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் எடுத்து வருவாள்.

இவ்வளவுதான் அந்த வீட்டின் சந்தோஷம். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கதை தொடங்கும்போது ஜெயக்கொடி அங்கே இல்லை. தை மாதத்தில் ஆனையூரில் இருக்கும் தம்பி செல்வக்குமார் வீட்டுக்குப் போனவள், ஆடி பிறந்தும் வரவில்லை. அந்த முறம் சமையலறைச் சுவரில் மாட்டியபடி இருக்கிறது. அழகுபாண்டிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

3

ஏன் போனாள் என்பதை நான் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். மாமியார் கொடுமை (மாமியார் உயிரோடு இல்லை). சொத்துத் தகராறு (சலித்துவிட்டது). அழகுபாண்டிக்கு வேறொரு பெண் சகவாச— (இந்த ஆளுக்கா? போங்கள்.) கடைசியில் புல்லிடமே திரும்பி வந்தேன். நடந்தது இதுதான்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய மாணவர்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புல்தரை நடுவில் கோரை கிளம்பியிருந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கோணினாலே பொறுக்காத மனுஷன், கோரையைப் பொறுப்பாரா? முதல் நாள் காலை ஜெயக்கொடி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் களைக்கொல்லி அடித்தார். கூடவே பூச்சிக்கு ஒன்று, பச்சை பிடிக்க யூரியா. கை கழுவினார், மறந்துவிட்டார். சாயங்காலம் அவள் வழக்கம்போலச் செருப்பை விட்டுவிட்டு இறங்கி உட்கார்ந்தாள்.

இரவுக்குள் பாதமெல்லாம் சிவந்து கொப்பளித்துவிட்டது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, திரும்பி வருகிற ஆட்டோவில் அழகுபாண்டி கேட்டார்:

“மருந்தடிச்ச எடத்துல போயி ஏன் உக்காந்த?”

“நீங்க சொல்லலையே.”

“வாடை தெரியலையா?”

கால் ஆறியதும், தம்பி மகளுக்குச் சடங்கு என்று ஆனையூருக்குக் கிளம்பினாள். “விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. நாலாம் நாள் வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

4

இங்கே தமிழ்வாணி குறுக்கிட்டார். எழுதிய வரைக்கும் அனுப்பியிருந்தேன்.

“சார், இதுக்காக ஒரு பொம்பள வீட்ட விட்டுப் போவாங்களா? கால்ல கொப்புளம் வந்ததுக்கா?”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு நாள் முழுக்க ஜெயக்கொடியை நம்பாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு புரிந்தது. கொப்புளத்துக்காக அவள் போகவில்லை. ‘வாடை தெரியலையா’ என்ற கேள்விக்காகப் போனாள். அடித்ததும் அவர், சொல்லாமல் விட்டதும் அவர், கடைசியில் குற்றம் அவள் மூக்கின் மேல். ‘தப்பு என்னுது’ என்று அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலாம் நாள் வந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. அவளும் வரவில்லை. போனில் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, தண்ணி லாரி வந்துச்சா என்று பேசிக்கொண்டார்கள். இதற்கு மதுரைப் பக்கம் வீராப்பு என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம், உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

“அப்ப இயற்கை முறை எப்ப சார் வரும்?” என்றார் தமிழ்வாணி.

வந்துவிட்டது.

5

‘வா’ என்று சொல்ல வாய் வராத ஒரு மனுஷன் வேறென்ன செய்வான்? வேலை செய்வான். மாசி மாதத்தில் ஒரு காலை அழகுபாண்டி ஷெட்டில் இருந்த டப்பாக்களையும் பாட்டில்களையும் சாக்கில் கட்டி வெளியேற்றினார். அவள் கால் வைக்கிற மாதிரி அந்தத் தரையை மாற்றிவிட்டால், மீதியெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பினார்.

(கட்டுரைக்காகச் சேர்த்து வைத்த விஷயங்களை இங்கே நைசாக நுழைக்கிறேன். வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடலாம்.)

யூரியா தின்று வளர்ந்த புல், அதை நிறுத்தினால் முதலில் வெளுத்துப் போகும். பயந்துவிடக் கூடாது. ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விட்டு வெட்ட வேண்டும். வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அதன் மேலேயே விட்டால் மட்கி உரமாகும். தினம் தெளிக்காமல், இடைவெளி விட்டு மண் நன்றாக நனையும்படி ஊற்றினால் வேர் கீழே இறங்கும். இறுகிய மண்ணில் காற்றுப் போகத் துளை போட வேண்டும். துளை போட்ட இடத்தில் சலித்த மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் தூவ வேண்டும். கோரையைக் கிழங்கோடு கையால்தான் எடுக்க வேண்டும். பாதிக் கிழங்கு உள்ளே நின்றால் மறுபடியும் முளைக்கும்.

துளை போட அழகுபாண்டி எடுத்தது, பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய ஈட்டி. விடிந்ததும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு அறுபது வயசு மனுஷன் தன் வீட்டுப் புல்லைக் குத்திக் குத்தி நடப்பதைப் பார்த்து, வாக்கிங் போகிறவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். சாணியும் வெல்லமும் கடலை மாவும் கலந்து ஊற வைத்த ஜீவாமிர்தத்தைத் தெளித்த அன்று, பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“அண்ணே, செப்டிக் டேங்க் எதும் உடைஞ்சிருச்சா?”

“ஜீவாமிர்தம்ப்பா.”

“அமிர்தமா? இம்புட்டு நாறுது?”

பங்குனி வெயிலில் புல் பாதி வெளுத்தது. சித்திரையில் மீதியும் வெளுத்தது. வீட்டுக்கு வந்த யாரோ, சிமென்ட் போட்டுவிடலாமே என்றார்கள். அழகுபாண்டி குனிந்து கோரை எடுத்துக்கொண்டிருந்தார். கிழங்கு கிழங்காக எடுக்கும்போது, அவள் உட்காரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை துழாவுவார். எடுத்து முடித்துக் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பார். பேச்சு கேட்காத ஒரு சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ‘உம்’ கொட்டுவதற்குக்கூட எதிரில் ஓர் ஆள் வேண்டும். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். அதைத் தவறவிட்டால் அவள் இல்லாதது உறுதியாகிவிடும் என்று அவருக்கு ஒரு பயம்.

ஜெயக்கொடி வந்தாள். (அடித்துவிட்டேன். இன்னும் இல்லை. இந்த வாக்கியத்தை இதற்கு முன்னும் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். அவரைவிட எனக்குத்தான் அவசரம்.)

6

ஆடியில் ஒரு நாள் நல்ல மழை. மறுநாள் காலை புல்லுக்கு நடுவே இளம்பச்சை கண்ணில் பட்டது. அழகுபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் விரல் அவள் நம்பருக்குப் போகாமல் மச்சினன் நம்பருக்குப் போனது.

செல்வக்குமார் அப்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். ஹாரன் சத்தம்.

“மாப்ள, அக்காட்ட ஒண்ணு சொல்லிரு. மருந்தெல்லாம் நிறுத்திட்டேன்.”

“என்ன மச்சான்? மருந்தையா?”

“ஆமாப்பா. எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சாச்சு. இனிமே மருந்தே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். இயற்கையா என்ன நடக்குதோ நடக்கட்டும். அம்புட்டுதான். சொல்லிரு.”

‘இப்ப வந்து உக்காரலாம்னு சொல்லு’ என்ற வாக்கியமும் அவரிடம் இருந்தது. எத்தனையோ நாளாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்த வாக்கியம். அதைச் சொல்லாமலேயே போனை வைத்துவிட்டார்.

7

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வேறு ஊர்களில் எப்படியோ, நம் ஊரில் பிழைக்க வைப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்வதும் மருந்து. ‘மருந்து எடுத்துக்கிட்டார்’ என்றால் தேறிவிடுவார். ‘மருந்தைக் குடிச்சுட்டார்’ என்றால் ஓட வேண்டும். புருஷன் மனைவி பேச்சைக் கேட்டால் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். நானே மேலே ‘மருந்துக்குக்கூட ஒரு புல் கிடையாது’ என்று எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இயற்கை என்ற வார்த்தை மட்டும் லேசுப்பட்டதா? உரத்துக்கு முன்னால் போட்டால் நல்ல காய்கறி. ‘எய்தினார்’ என்பதற்கு முன்னால் போட்டால் சுவரொட்டி.

ஆக, செல்வக்குமார் தன் அக்காவிடம் போனில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது இது: “மச்சான் மருந்தையெல்லாம் நிறுத்திட்டாராம்க்கா. தூக்கி எறிஞ்சுட்டாராம். இயற்கையா நடக்கறது நடக்கட்டும்னு ஒங்கிட்டச் சொல்லச் சொன்னார்.”

சர்க்கரை. பிரஷர். நெஞ்சில் ஸ்டென்ட்.

ஜெயக்கொடி அடுப்பில் இருந்த பாலை இறக்கவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

8

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதைக்கு இப்படி ஒரு வருகையை நான் திட்டமிடவில்லை. என்னிடம் வேறு இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவில் புல்தரை பச்சைப் பசேலென்று ஆகிவிடும். அவர் போட்டோ எடுத்து அனுப்புவார், அவள் பார்த்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்குவாள். தமிழ்வாணிக்கு இது பிடித்திருந்தது. எனக்குத்தான் யூரியா போட்டு வளர்த்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டாவதில் அவள் வரவே மாட்டாள். அவர் ஒருநாள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து, உருவத் தெரியாமல் கீரையை உருவு— அதற்கு மேல் எழுத முடியவில்லை. படிக்கிறவர்கள் கிடக்கட்டும், எனக்கே அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது பாருங்கள், ஒரு மதுரைச் சொல் குழம்பியதில் அவள் தானாகக் கிளம்பிவிட்டாள். நான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒத்தக்கடை வரும்வரைக்கும் அவள் ஆட்டோக்காரரிடம் சொன்னது ஒரே விஷயம்தான்: “வெரசா போங்கண்ணே.” தெரு திரும்பி, கேட்டுக்கு முன்னால் ஆட்டோ நின்றபோது அவள் பார்த்தாள். புல்தரை நடுவில் அழகுபாண்டி குப்புறக் கிடந்தார்.

விஷயம் வேறொன்றுமில்லை. புல்லுக்கு அடியில் மண் குருணை குருணையாகக் குவிந்திருந்தது. மண்புழு கக்கியதுதானா, இல்லை எறும்புப் புற்றா என்று அவருக்குச் சந்தேகம். கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டு வந்ததால், படுத்துக்கொண்டு மூக்கு மண்ணில் படும் அளவுக்கு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க!”

அந்தத் தெருவில் இருந்த எல்லாருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அவர் தலையைத் தூக்குவதற்குள் ஜெயக்கொடி கேட்டைத் தள்ளிக்கொண்டு புல்லுக்குள் ஓடி வந்து முழங்காலிட்டு, அவர் தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

“எம்புட்டு நாளா மருந்து போடல? சொல்லுங்க! நெஞ்சு வலிக்குதா?”

“கொடி?”

“எதுக்கு மருந்த நிறுத்துனீங்க?”

அவர் முகத்தில் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. கையில் குருணை மண். ஒன்றும் விளங்காமல் அதை அவளிடம் நீட்டினார்.

“மண்புழு வந்துருச்சு கொடி. நீயே பாரு. மருந்தடிக்கிறத நிறுத்துனதும் வந்துருச்சு.”

அவள் மண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“புல்லுக்கா?”

“பின்ன?”

“புல்லுக்கா மருந்த நிறுத்துனீங்க?”

“ஆமா. செல்வம் சொல்லலையா?”

“மாத்திரை?”

“அத எதுக்கு நிறுத்துறேன்? காலைலகூடப் போட்டேனே.”

அவள் கையை மடக்கி அவர் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். இன்னொன்று. மூன்றாவதற்குக் கை வரவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்: இரண்டும்தான்.

பக்கத்துச் சுவருக்கு மேல் பாண்டிராஜின் தலை எழுந்து, நிலவரத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக இறங்கிக்கொண்டது.

அழகுபாண்டி அவள் காலைப் பார்த்தார். ஓடி வந்த அவசரத்தில் ஆனையூரிலேயே செருப்பைப் போடாமல் வந்திருக்கிறாள். வெறுங்கால். அதுவும் சரியாக அவள் உட்காருகிற இடத்தில். எத்தனையோ சாயங்காலங்களில் அவர் துழாவித் துழாவிப் பதப்படுத்திய மண்ணின் மேல் அந்தப் பாதம் பட்டுவிட்டது. ஆனால் அவர் ஆசைப்பட்டது இப்படி இல்லை. பயத்தில் பட்ட கால் இது. உட்கார வந்த கால் இல்லை.

அவளும் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். தரை திட்டுத்திட்டாக இருந்தது. இங்கே வெளுப்பு, அங்கே பச்சை, சாணி வாடை. வடக்கு மூலையில் இரண்டு தவிட்டுக் குருவிகள் தங்கள் பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தன.

“நல்லா இல்ல,” என்றார் அவர். “இன்னும் கொஞ்ச நாளாகும். ஆனா ஒண்ணும் செய்யாது. கால் வைக்கலாம்.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு நான் சொல்லிருக்கணும். ஒன் மேல தப்பில்ல. வாடைன்னு கேட்டேன் பாரு, அத நெனச்சு நெனச்சு—”

முடிக்கவில்லை. முடிக்காதது அவர், நான் இல்லை.

ஜெயக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இம்புட்டு மாசமா மண்ணக் கிண்டிருக்கீங்க. புழு வந்தத எடுத்துக் காட்டத் தெரியுது. மருந்த நிறுத்துனதச் சொல்ல என் தம்பியத் தூது விடத் தெரியுது. ஒத்த வார்த்தை. அதச் சொல்ல மட்டும் வாய் வரலைல? நான் அங்க என்ன வேண்டுதலுக்கா உக்காந்திருந்தேன்? ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் இன்னைக்குச் சொல்வாரு, இன்னைக்குச் சொல்வாருன்னுதான எடுத்தேன்.”

9

வெளியே ஆட்டோ இன்ஜினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஆட்டோக்காரருக்குப் பொறுமை குறைந்துவிட்டது. தலையை வெளியே நீட்டிச் சத்தமாகக் கேட்டார்:

“அக்கா, நிக்கவா, போகவா?”

பாருங்கள், அழகுபாண்டிக்கு வாய் வராத அந்த எழுத்து, யாரோ ஒரு ஆட்டோக்காரர் வாயில்கூட இரண்டு தடவை வந்துவிட்டது.

ஜெயக்கொடி கேட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அழகுபாண்டி முழங்காலை ஊன்றி எழுந்து நின்றார். முகத்து மண்ணைத் துடைக்கவில்லை.

இங்கே ஒரு வரி எழுதினால் கதை முடிந்துவிடும். தமிழ்வாணி நேற்றும் போன் செய்து அந்த ஒரு வரியைக் கேட்டார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். நான் எழுதினால் அவளை இருக்க வைத்துவிடுவேன், எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒரு எழுத்தாளன் கூப்பிட்டான் என்று அவள் எதற்கு இருக்க வேண்டும்? தம்பியை வைத்துச் சொல்லி அனுப்பியதற்கே அவளுக்கு இவ்வளவு வருத்தம். என் வாயால் வேறு அவர் சொல்ல வேண்டுமா?

ஆகவே அந்த இடத்தை மட்டும் விட்டு வைக்கிறேன்.

அழகுபாண்டி சொன்னார்:

“          ”

ஓர் எழுத்துக்குத்தான் இடம். நீங்கள் நிரப்புவதாக இருந்தால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லி நிரப்புங்கள். ஆட்டோ இரைந்துகொண்டிருக்கிறது, அவளுக்குக் கேட்க வேண்டும்.